ஒட்டுத் தெரியாத சுவர்

இந்தக் கதையைத் திருஞானம் இருபத்துநாலு வருடமாக முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் சவரிமுத்து அண்ணன். பொய் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஒருவன் மனம் நோகக் கூடாது என்றால் எதையும் சொல்லக்கூடியவர். சந்தேகம் அங்கேதான்.

அப்போது திருச்சி பாலக்கரையில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் மானிட்டர்கள். இணையத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். பர்வீன் டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங், அதாவது படத்தில் விழுந்த புள்ளி, தழும்பை மறைக்கிற வேலை பார்த்துவிட்டு அங்கே படிக்க வந்த சவரிமுத்துவுக்கு நாற்பத்தாறு. டீச்சர் அவரை ‘அண்ணே’ என்பார். அவர் டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்பார்.

அந்த வாரப் பாடம், இணையப் பக்கத்துக்குப் பின்னணி செய்வது. உள்ளங்கை அளவுப் படம் ஒன்று. தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல அதையே அடுக்கி அடுக்கிப் பக்கத்தை நிரப்ப வேண்டும். ஒட்டுத் தெரியக் கூடாது.

சவரிமுத்து வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, சென்டர் கேமராவில் அடுப்படிச் சுவரைப் படம் பிடித்து வந்திருந்தார். சுண்ணாம்புச் சுவர். நடுவே மங்கலாக ஓர் எண்ணெய்க் கறை. அடுக்கிப் பார்த்தபோது அந்தக் கறை திரை முழுக்க வரிசை கட்டி நின்றது.

“என்னண்ணே, வரிசையா யாரோ சாஞ்சு உக்காந்திருக்காங்க? பஸ் ஸ்டாண்டா?” என்றான் பக்கத்து மேசைத் திருஞானம்.

எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கறையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் திருஞானம் வகுப்புக்குப் போகவில்லை. அன்று நடந்ததுதான் கதை.

சவரிமுத்து டீச்சர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“டீச்சர், கறையை அழிச்சு அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன்.”

“பழைய படம்?”

“அது ஒண்ணுதான். கேமராவுலயும் இல்ல.”

“மறுபடி எடுத்துட்டு வாங்களேன்.”

“வீட்டுக்காரர் பெயிண்ட் அடிச்சுட்டாரு. அது எம் பொஞ்சாதி ஜெயசீலி சாஞ்ச இடம் டீச்சர். சோறு வேகுற வரைக்கும் அங்கதான் தலையைச் சாச்சிருப்பா. போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சு.”

டீச்சர் படத்தைத் திறந்தார். ஒட்டும் இல்லை, கறையும் இல்லை. ஸ்டூடியோக்காரர் கை.

“எங்க இருந்துச்சு?”

சவரிமுத்து திரையில் விரலை வைத்தார்.

டீச்சர் அந்த இடத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அவரைத் திரும்பி நிற்கச் சொன்னார். படத்தை நெடுக்காக வெட்டி, வலப்பாதியை இடப்பக்கமும் இடப்பாதியை வலப்பக்கமும் வைத்தார்.

“இப்ப?”

விரல் வேறோர் இடத்தில் போய் நின்றது. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

மேல்பாதியைக் கீழே மாற்றினார்.

“இப்ப?”

விரல் தயங்கவில்லை. அதுவும் சரி.

“எனக்கு வெறும் சுவராத்தாண்ணே தெரியுது.”

“எனக்குத் தெரியுது டீச்சர்.”

“அப்ப இதை எல்லாருக்கும் குடுங்க. அவங்க சுவரைப் பார்த்துக்கட்டும்.”

அப்படித்தான் அந்தப் படம் திருஞானத்திடம் வந்தது, படிக்கட்டில் ஒரு டீயோடும் இந்தக் கதையோடும். துணிக்கடை, பள்ளிக்கூடம், யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பு என்று எத்தனையோ பக்கங்களுக்குப் பின்னால் அதை விரித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தேடியிருக்கிறான். சுவர்தான் தெரிந்தது. கேலி செய்தவனை உறுத்தக் கூடாதென்று அண்ணன் கட்டிய கதையோ? இத்தனை வருடம் கேட்காமலிருந்தது அவருக்காகவா, தனக்காகவா? அதுவும் தெளியவில்லை.

போன மாதம் லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போனான். படத்தை இரண்டு முறை வெட்டி மாற்றி, திரை முழுக்க விரித்துவைத்திருந்தான்.

“இதை இன்னுமாடா வச்சிருக்க?” என்று சவரிமுத்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். போன வருடம்தான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது.

அன்று நடந்தது நிஜமா என்று கேட்கத்தான் போயிருந்தான். வாயில் வேறு வந்தது.

“அண்ணே, அண்ணி எங்கண்ணே சாஞ்சு உக்காந்திருக்காங்க?”