குளத்துக்குள் வந்த டவர்

உப்பிலாங்குறிச்சி ஆட்களைப் பற்றி வாயைத் திறந்தாலே நான் கதை கட்டுகிறேன் என்கிறார்கள். கட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் தொட்டடுத்த ஊர்க்காரன், நடந்ததைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் அந்த ஊர்க் குளத்தில் இறங்கி லாரிச் சக்கரம் புதைந்த தடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் இருக்கிறது.

அந்த ஊரில் செல்போனுக்குச் சிக்னல் எடுக்காது. ஒரு மைல் தள்ளி மொட்டைப்பாறை உச்சியில் ஒரு டவர் என்னவோ நிற்கிறது. ஆனால் அது டவுனைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. குளத்தங்கரையில் போனை நீட்டினால் ஒரே ஒரு கோடு வரும், போகும். பேசுவதென்றால் தண்ணீர்த் தொட்டி மேல்தான் ஏற வேண்டும்.

அப்படி வாராவாரம் ஏறியவள் சண்முகவடிவு. அவள் வீட்டுக்காரன் இசக்கிராசு அந்த ஊரிலேயே பிறந்தவன், கப்பலில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி அடித்தால் கூப்பிடுவான். இவள் மூணே முக்காலுக்கே தொட்டி உச்சியில் உட்கார்ந்திருப்பாள். போன மாதம் ஏணி துருப்பிடித்துப் போச்சு என்று பஞ்சாயத்தில் அதன் கீழ்ப்பாதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இசக்கிராசுவின் கப்பல் நடுக்கடலுக்குக் கிளம்புவதாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பேசினால் உண்டு, விட்டால் நாலு மாதத்துக்குப் பேச்சே கிடையாது.

"அந்த ஒரு போனை விட்டுட்டேன்னா நாலு மாசம் நான் யாரு குரலைக் கேப்பேன்?" என்று வடிவு ஊரெல்லாம் சொல்லி அழுதாள். சாயங்காலத்துக்கு முன்னால் டவுனுக்கு உள்ள ஒரே பஸ்ஸான மத்தியானம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய் அங்கிருந்து பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து பியூலா டீச்சர் வந்தார். எந்த டவர் எங்கே இருக்கிறது என்று உலகம் பூரா சனங்களே சேர்ந்து எழுதி வைக்கிற பொதுப் பட்டியல் ஒன்று உண்டாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். டீச்சர் அதில் இந்த வட்டாரத்தைக் கவனித்துக்கொள்கிறார்.

"சுத்துப்பட்டு டவரையெல்லாம் ஒழுங்கா எழுதிட்டா, உங்க ஊருக்கு டவர் இல்லைங்கறது மேப்பைப் பாத்தாலே தெரியும். அதை வச்சுக் கம்பெனியில கேக்கலாம்" என்றார் டீச்சர்.

உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். பஞ்சர் கடை மாசிலாமணி தலைவர். எதற்கெடுத்தாலும் நோட்டைத் திறக்கிற உக்கிரபாண்டி செயலாளர். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட கொடிவேல் உறுப்பினர். மற்ற ஊர்க்காரர்களுக்கு வேலை இருந்தது.

டீச்சர் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். "டவர் வேலியைத் தாண்டாதீங்க. தள்ளி நின்னு சுத்தி வந்து, நாலு பக்கமும் போனை அசைக்காம, பட்டியல் ஆப்புல உள்ள பட்டனை அமுக்குங்க. நீங்க நின்ன இடத்துக்கெல்லாம் நடுவுல டவர்னு ஆப்பே குறி போட்டுக்கும். சொந்தக் கண்ணால பாக்காததை எழுதக் கூடாது. வேற மேப்பைப் பாத்து எழுதவே கூடாது. பட்டியலும் டவரும் ஒத்துப் போகலைன்னா உடனே சரி பண்ணிரணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றார் மாசிலாமணி. டீச்சர் நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

ஆப் ஏறுகிற போன் ஊரில் வடிவிடம்தான் இருந்தது. டவர் வந்தால் நமக்கும் நல்லதுதானே என்று கொடுத்தாள். "ஆனா அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு முன்னால போன் என் கைக்கு வந்திரணும். வரலை, மூணு பேரையும் குளத்துல முக்கிருவேன்."

உக்கிரபாண்டி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினார்கள். தெருமுனையில் கொடிவேல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னவே, கண்ணாடியக் கழத்துதீரு?"

"டீச்சர் சொந்தக் கண்ணாலன்னு சொன்னாங்கள்லா அண்ணாச்சி? இது டவுன்ல வாங்கினது."

மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. கொடிவேல் நாலு எட்டு வைத்து ஒரு எருமை மேல் மோதி, "மன்னிச்சிருங்க மதினி" என்று விலகி நடந்தார்.

போகிற வழியில் பள்ளிக்கூடச் சுவரில் மாவட்ட மேப் வரைந்திருந்தது. வேற மேப்பைப் பார்க்கவே கூடாதே! மூவரும் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அந்தச் சுவரைக் கடந்தார்கள். சுவர் முடிகிற இடத்தில் ஒரு சாக்கடை உண்டு. தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று அதே வரிசையில் விழுந்தார்கள்.

கழுவுவதற்குக் குளத்துக்குப் போனார்கள். முட்டளவு தண்ணீர் கிடந்தது. மாசிலாமணி குனிந்தார், அப்படியே நின்றுவிட்டார். மொட்டைப்பாறையும் அதன் உச்சியில் நின்ற டவரும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தன.

"வே! டவர் இங்கல்லா இருக்கு!"

"அப்ப பாறை மேல நிக்கது?" என்றார் உக்கிரபாண்டி.

"அது தூரத்துல நிக்கி. இது கிட்டத்துல நிக்கி. கிட்டத்துல உள்ளதை விட்டுட்டு எவனாவது தூரத்துல உள்ளதை அளப்பானா?"

"வேலி?"

"கரைதான் வேலி. தாண்டிராதீரும்."

மூன்று நாள் அந்தக் குளத்தைச் சுற்றினார்கள். வந்து போகிற அந்த ஒரு கோடு ஆப்புக்குப் போதும் போலிருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் அது குளத்தின் நட்டநடுவில் டவர் என்று சிவப்புக் குறி போட்டுக் காட்டியது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வடிவு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா உங்களுக்கு? டவர் பாறை மேல நிக்கி, நீங்க குளத்துக்குள்ளன்னு எழுதியிருக்கீங்க. ஒழுங்காச் சரி பண்ணுங்க!"

அவள் போனதும் கமிட்டி கூடியது.

"ஒத்துப் போகலைன்னா சரி பண்ணணும்னு டீச்சரும் சொல்லியிருக்காங்க. எதைச் சரி பண்ண?" என்றார் உக்கிரபாண்டி.

மாசிலாமணி ரொம்ப நேரம் யோசித்தார். "பட்டியலை உலகமே பாக்குது. டவரை யாரு பாக்கா? நாமளும் ஆடு மேய்க்க ரெண்டு பேரும்தான். உலகம் பாக்குததுல கை வைக்கலாமா?"

"கூடாது அண்ணாச்சி."

"அப்ப டவரைத்தான் குளத்துக்கு இழுக்கணும்."

வியாழக்கிழமை கோயிலில் தேர் வடத்தை இரவல் வாங்கிக்கொண்டு தலைவரும் செயலாளரும் பாறைக்கு ஏறினார்கள். வேலியைத் தாண்டக் கூடாது என்பதால் வடத்தை வேலிக் கல்லிலேயே கட்டி, பொழுது சாயும்வரை இழுத்தார்கள். கொடிவேல் கரையில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், தண்ணீருக்குள் டவர் நகர்கிறதா என்று கவனித்தார். இடையில் அந்த எருமை குளத்தில் இறங்கியது.

இருவரும் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தபோது கொடிவேல் துள்ளிக் குதித்தார். "நல்ல ஆட்டம் அண்ணாச்சி! ரெண்டு தரம் ரெண்டா ஒடிஞ்சு சேந்துச்சி. ஒரு தரம் மதினி கிட்ட வரைக்கும் வந்துட்டுப் போச்சு!"

"ஆட்டம் குடுத்திருச்சில்லா, இனி தானா வந்திரும்" என்றார் மாசிலாமணி.

வந்தது ஐயா, வந்தேவிட்டது! அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளும் என்று ஒரு கம்பெனி, லாரி மேல் மடித்து வைத்த தற்காலிக டவரை அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த லாரி பஞ்சர் கடை முன்னால் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, கொடை நடக்கற மைதானம் எங்க இருக்கு?" என்றார்.

மாசிலாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "வந்துட்டு வே! நேத்து இழுத்தது இன்னைக்கு வந்துட்டு! ஆனா ஏன் படுத்துக் கெடக்கு?"

"ஒரு மைல் வந்திருக்குல்லா அண்ணாச்சி. அசந்திருக்கும்" என்றார் உக்கிரபாண்டி.

"அண்ணே, மைதானம்..." என்றார் டிரைவர்.

"மைதானம் கெடக்கட்டும்யா. டவர்தானே கொண்டாந்திருக்கீரு? டவருக்கு இடம் எங்கன்னு உலகமே எழுதி வச்சிருக்கு, பாரும்" என்று போனை நீட்டினார் மாசிலாமணி. டிரைவர் பார்த்தார். சிவப்புக் குறி, பக்கத்தில் டவர் படம், கீழே கமிட்டி பேர். வாயால் சொன்னதை நம்பாதவர் போனில் தெரிந்ததை நம்பிவிட்டார்.

தேங்காய் உடைத்து, முன்னால் மூவரும் ஓட, லாரி பின்னால் வந்து குளத்தில் இறங்கியது. நட்டநடுவில் போய்ச் சேற்றில் அச்சு வரை புதைந்தது. ஒரு முழம் இங்கிட்டு அங்கிட்டு இல்லை, குறி போட்ட அதே இடம்.

இந்தக் கூத்தில் பன்னிரண்டு மணி பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. போனைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த வடிவு குளத்தங்கரைக்கு வந்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "பஸ்ஸும் போச்சே! நாலு மாசம்... பாவிகளா, நாலு மாசம்!"

"கலங்காத தாயி. பட்டியலும் டவரும் ஒத்துப் போச்சுல்லா?" என்று மாசிலாமணி ஆறுதல் சொன்னார். அவள் எடுத்து எறிந்த கல் அவருக்கு ரெண்டு விரற்கடை தள்ளி விழுந்தது.

அங்கே டிரைவருக்கு வேறு கவலை. லாரியை இழுக்க ஆள் அனுப்பச் சொல்லி ஆபீசுக்குப் பேச வேண்டும், ஊரிலோ சிக்னல் இல்லை. கடைசியில் கூட வந்த மெக்கானிக்கும் அவரும் வேறு வழி இல்லாமல், ஒரு போன் பண்ணுவதற்காக டவரையே நிமிர்த்தி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். அது ஓடத் தொடங்கும்போது மணி மூணு ஐம்பது.

உக்கிரபாண்டி லாரிக்குப் பக்கத்தில் முட்டளவுத் தண்ணீரில் நின்று அளந்துகொண்டிருந்தார். போனில் அத்தனை கோடும் நிமிர்ந்தன. சரியாக நாலு மணிக்கு மணி அடித்தது.

"அண்ணாச்சி, போன் அடிக்கி! அளக்கும்போது அசைக்கக் கூடாதே, என்ன செய்ய?"

"எத்தனை தரம் அடிக்குன்னு எண்ணி எழுதும்!"

வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் பாய்ந்தாள். போனைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் செயலாளர் குளத்தில் முங்கினார்.

"ஏங்க! நான்தான், வடிவு!"

"எங்க போன நீ?" என்றது இசக்கிராசுவின் குரல். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. "கப்பல் பத்து நாள் கழிச்சுத்தான் கிளம்புதாம். உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு ஓடியாந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூணே முக்கால். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீ தொட்டி மேலதானே இருப்ப? பைப்பைப் பிடிச்சு ஏறி வந்து பாத்தா உன்னைக் காணோம்! பதறிப்போயிப் போன் போட்டேன்."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி உச்சியில், காதில் போனும் தோளில் பையுமாக அவன் நின்று கையாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அட என் ராசா, அங்க என்ன செய்யுதீங்க? இறங்கி வாங்க!"

"இறங்கினா சிக்னல் கட்டாயிரும் வடிவு. வந்த லைனை விடலாமா? முதல்ல பேசி முடிச்சிருவோம்."

வடிவு ஒரு கணம் யோசித்தாள். அவளும் அந்த ஊரில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள்தானே? லாரிப் படியில் ஏறி வசதியாக உட்கார்ந்து, "சரி, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

கரையில் நின்ற மாசிலாமணி இவளைப் பார்த்தார், தொட்டி மேல் அவனைப் பார்த்தார். "சிக்னல்னா இதுல்லா வே சிக்னல்! பேசுத ஆளே தெரியுதே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொடிவேல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தெரிந்தது. சொந்தக் கண்ணாலும் பார்க்க வேண்டுமே என்று கழற்றிவிட்டுப் பார்த்து, "ஆமா அண்ணாச்சி, ஒண்ணுமே தெரியலை" என்றார். தெரிந்தது ரெண்டு, தெரியாதது ஒன்று என்று கணக்குப் போட்டு, உக்கிரபாண்டி நனைந்த நோட்டில் எழுதினார்:

"டவர் குளத்துக்குள் உள்ளது. சிக்னல் அருமை. கப்பலில் இருக்கும் ஆள் கையாட்டுவது வரை தெரிகிறது."