துதிக்கைக்குத் துண்டு சாத்திய மாசானமுத்தார்

விளாத்திகுளத்துப் பக்கம் ஒரு கரிசல் காட்டில், பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும் தொண்டைச் செய்துவந்தார் மாசானமுத்தார். வயது பதினைந்து. தந்தையார் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப்பையை இறக்கிவிட்டு மருந்து டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டவர். காட்டின் நடுவே வன்னி மரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. நாள்தோறும் அவருக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டு, தம்மிடமிருந்த ஒரே துண்டால் துதிக்கையை மூடித் தலையைச் சுற்றி இறுகக் கட்டுவார். பிறகு திறந்த மூக்கோடு மருந்தடிக்கப் போவார்.

களையெடுக்க வரும் பெண்கள், பிள்ளையாருக்குச் சளி தேவலையா என்று தினமும் விசாரித்துச் சிரித்தார்கள். நிலத்துக்காரர் ஆவுடையப்பனுக்கோ எரிச்சல். முகத்தை மூடிய சாமி வழிப்பறிக்காரன் மாதிரி இருக்கிறதென்றும், வரம் கேட்கவே பயமாயிருக்கிறதென்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏல, கல்லுக்கு எதுக்குலே துண்டு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சாமிக்கு மூக்கு நீளம்லா மொதலாளி. நம்மளவிட நெறைய இழுத்துருமே."

"அப்ப ஒனக்கு?"

"எனக்குச் சின்ன மூக்குதான."

அந்தச் சின்ன மூக்கு இழுத்தது கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலமானால் தலை வெடிக்கும். சோறு வயிற்றில் தங்காது. கைத்தோல் உரிந்தது. கண் மங்கிப்போய், ஒருநாள் முதலாளியின் கன்றுக்குட்டிக்குத் தோப்புக்கரணம் போட்டார். கன்றும் பொறுமையாக ஏற்றுக்கொண்டது. வேலையை விடச் சொல்லித் தாயார் அழுதார். விட்டால் சாமிக்குத் துண்டு கட்ட ஆளிருக்காதே என்பதுதான் பிள்ளையின் கவலை. எழுதும் எனக்கே கோபம் வருகிறது. அவருக்கு யார்மேலும் வரவில்லை.

தை மாதத்தில் ஒரு முற்பகல், முதலாளி பிள்ளையார் அருகில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். காற்று திடீரென்று திசை மாறியது. துதிக்கையிலிருந்த துண்டு பறந்துவந்து, மருந்தடித்துக்கொண்டிருந்த நம் அடியார் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அபசாரமாயிற்றே என்று பதறி, ஓடிப்போய் மறுபடியும் கட்டினார். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை, காளை மாட்டுக்குப் போடும் முடிச்சையே போட்டார். இம்முறை துண்டு முடிச்சோடு வந்து அவர் தலையில் மாட்டி மூக்கை மூடியது.

அத்தனை பெரிய இரண்டு காதுகளைத் தாண்டி அது எப்படிக் கழன்றதென்று முதலாளி வாய்பிளந்து பார்த்தார். பிளந்த வாய்க்குள் மருந்துப்புகை முழுதாகப் போயிற்று. அது பச்சைத்தண்ணீர் மாதிரி, ஒன்றும் செய்யாது என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்தவர், பிள்ளையார் காலைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்தார். ஓடிவந்த அடியார் துண்டைக் கழற்றி அவருக்குக் கட்டப் பார்த்தார். முடிச்சு அவிழவேயில்லை.

"ஒரு வாய்க்கே எனக்கு உசுரு போயிட்டு வருது. இதையாலே தெனமும் குடிச்ச?" முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "டேங்க எறக்குல. நான் பாவி."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பதினெட்டு நிரம்பாத பிள்ளை இதைத் தொடவே கூடாதென்றும், இன்னொரு பருவம் போயிருந்தால் கண்ணே போயிருக்குமென்றும் முதலாளியை வறுத்தெடுத்தார். அவர் தலைகுனிந்து நின்றார். தந்தையாரின் வைத்தியமும் பிள்ளையின் படிப்பும் இனித் தம் பொறுப்பு என்றார். அடியார் ஒரேயொரு நிபந்தனை விதித்தார்.

இப்போது முகமூடியும் கையுறையும் போட்ட பெரிய ஆள்தான் அங்கே மருந்தடிக்கிறார். அதற்கு முன்னால் ஆவுடையப்பன், தொந்தியைத் தாங்கி மூன்று தோப்புக்கரணம் போட்டு, துதிக்கைக்குப் புதுத்துண்டு கட்டுகிறார். பெண்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டு அதன்பின் ஒருநாளும் கழன்றதில்லை.

இருந்த ஒரு துண்டையும் இறைவன் மூக்குக்கே சாத்திய மாசானமுத்தாரை, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து வணங்குவோம்.