கடல் தாண்டிய ஊறுகாய்

நாகப்பட்டினத்து ஊறுகாய் வியாபாரி சிங்காரவேலு, பினாங்கில் கப்பல் இறங்கி ஏழு நாளாகியும் ஒரு ஜாடி விற்கவில்லை. அரிசி, தண்ணீர்கூட ஊரிலிருந்து கொண்டுவந்து, வேறெதையும் தொடாதவர் அவர். கடைத்தெருவே பார்க்க, ஊரிலிருந்து கூட்டிவந்த சுமைதூக்கி மாயழகுவிடம் கத்தினார்.

"பொழுது சாயறதுக்குள்ள பத்து ஜாடி விக்கணும். இல்லேன்னா ஊருக்குத் திரும்பற கப்பல்ல உனக்கு இடமில்லை!"

மாயழகு அலுப்போடு ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கஞ்சிக்கடையில் போய் உட்கார்ந்தான். கஞ்சிக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டவன், கடைக்காரிக்கும் கொஞ்சம் கொடுத்தான். அவள் ருசித்துவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். வெயில் தாழ்வதற்குள் பத்து ஜாடியும் தீர்ந்தது.

"என்னடா தந்திரம் பண்ணினே?" என்றார் சிங்காரவேலு.

"தந்திரமெல்லாம் இல்ல முதலாளி. இந்த ஊர்த் தண்ணியையே தொடாதவர் விக்கிற ஊறுகாயை இந்த ஊர்க்காரங்க எப்படித் தொடுவாங்க? நான் தினமும் இங்கதான் சாப்பிடறேன். நீங்கதான் ஏழு நாளா எனக்குச் சோறே போடலையே."