உச்சிமாகாளி பூக்கட்டிப் பார்த்தது

உச்சிமாகாளிக்கு வயசு அறுபத்தொன்று. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சுடரம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் ஊரில் கிடையாது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஏழு வருஷமாகக் குளத்தங்கரை மடத்தில் அவளுக்குக் கூடமாட இருந்தார் மனுஷர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார். அதில் ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யவா விடவா என்று மனசு கிடந்து அல்லாடினால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் வைக்க வேண்டும். சுடரம்மை கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கொடுக்க, கிணறு வெட்ட என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வருவார்கள்.

கொரோனா ரெண்டாம் தடவையாக வந்து ஊரை உலுக்கிவிட்டுப் போன ஆனி மாசம் அது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். மூன்று மணியோடு முடிந்துவிடும். அடுத்து மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

உச்சிமாகாளியின் மனைவி பிரம்மசக்திக்குச் சர்க்கரையும் உண்டு, இளைப்பும் உண்டு. காலையிலேயே அவள் சேலை மாற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நீங்க போடச் சொன்னா போடுதேன். வேண்டாம்னா விட்டுருதேன்."

முழுப் பாரத்தையும் தூக்கி இவர் தலையில் வைத்துவிட்டாள் பாதகத்தி.

பதினொரு மணிக்கு ரெண்டு இலைப் பொட்டலத்தோடு மடத்துக்கு வந்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுக்காரிக்குத்தாம்மா. ஊசி போடவா, வேண்டாமான்னு..."

சுடரம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் கண்ணை மூடவில்லை. ரெண்டு பொட்டலத்தையும் எடுத்தாள். ரெண்டையும் பிரித்தாள்.

ரெண்டிலும் சிவப்பு அரளி.

ஏழு வருஷத்தில் அம்மன் முன்னால் அவர் செய்த ஒரே திருட்டு. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சுடரம்மை கோபப்படவில்லை. "வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு வாயில்லையா? என்னத்துக்கு ஆத்தாளைச் சொல்ல வைக்கப் பாத்திய?"

"பயமா இருக்கும்மா." தோள் துண்டை எடுத்துக் கையில் முறுக்கினார். "ஊசி போட்ட மூணாம் நாளு ஒரு ஆளு செத்துட்டாராம். சர்க்கரை உள்ளவங்க போடவே கூடாதாம்."

"செத்தது யாரு?"

"ஆத்துக்கு அக்கரையில ஏதோ ஊராம்."

"பேரு?"

"தெரியலம்மா."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"டீக்கடையில."

"கடைக்காரர் கண்ணால பாத்தாராமா?"

"இல்ல. அவரு மச்சினன் போனுக்கு வந்துச்சாம்."

"சரி. நம்ம ஊர்ல இந்த நோயில போனவங்க பேரைச் சொல்லுங்க."

உச்சிமாகாளி யோசிக்கவே இல்லை. "டெய்லர் தளவாய். ராசகனி டீச்சர். டீச்சர் போன ஒம்பதாம் நாளு அவங்க வீட்டுக்காரர். பெறவு நம்ம ஆவுடை..."

ஆவுடையப்பன் அவருக்குப் பால்ய கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே குளத்தில் நீச்சல் பழகியவர்கள். கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. துண்டால் கண்ணை மூடிக்கொண்டு உச்சிமாகாளி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வைத்தியம் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சவங்க இருக்கும்போது பூவை என்னத்துக்குக் கேக்கணும்? மதினிக்குச் சர்க்கரை உண்டுன்னு தெரியும்லா, அதான் காலையிலயே முகாமுக்குப் போயி டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டு வந்தேன்."

உச்சிமாகாளி துண்டை விலக்கினார். "என்ன சொன்னாவ?"

"சர்க்கரை உள்ளவங்களைத்தான் இந்த நோய் சீக்கிரம் சாய்க்குதாம். அவங்கதான் முந்திப் போடணுமாம். போட்டா ஒருநாள் ரெண்டுநாள் காய்ச்சல் வரலாம், மேல்வலி வரலாம். எங்கயாவது ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போவுமாம். அதுக்குத்தான் அரைமணி நேரம் உக்கார வச்சுப் பாக்காவ. மதினிக்கு முன்னால எந்த ஊசியாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்லம்மா. ஒண்ணும் கிடையாது."

"அதையும் அங்க போயி நீங்களே டாக்டரம்மாகிட்டச் சொல்லிருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வாக்குக் கொடுங்கம்மா. இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"அந்த வாக்கு என்கிட்ட இல்ல. போடாம வீட்டுல வச்சிருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு வாக்குக் கொடுக்க ஆளு இருந்தா, அவரைக் கூட்டிட்டு வாங்க. நானும் அவரு காலுல விழுதேன்."

மடத்துக்கு வெளியே ஆட்டோவில் மைக் கட்டி, முகாமுக்கு வரச் சொல்லி அறிவித்துக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்கிறவரை உச்சிமாகாளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடச் சொல்லி, அவளும் போட்டு, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா? நான் எப்படிம்மா உசுரோட இருப்பேன்?"

"நீங்க போட்டாச்சா அண்ணாச்சி?" என்றாள்.

"நானா?" அவர் தலை குனிந்தார். "இல்லம்மா."

அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

"மதினிக்கும் பயம்தான். அதான் உங்களைக் கேட்டிருக்காவ. நீங்க வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். வரிசையில அவங்களுக்கு முன்னால போயி நில்லுங்க."