சுண்ணாம்பு தடவிய கலயம்

கேளுங்கள், பனங்காட்டுச் சீமையில் நடந்த வழக்கு இது. நியாயம் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

அந்தச் சீமைக் குயவர்கள் ஒரு வருஷம், கள் இறக்குகிறவனுக்குக் கலயமே கிடையாது என்று ஒரே கட்டாய் நின்றுவிட்டார்கள். பனையேறிகள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ராஜா பார்த்தார், சட்டம் போட்டார்: "கள் இறக்குவோருக்குக் கலயம் தர மறுக்கும் குயவருக்கு அரண்மனை வேலை கிடையாது." அவ்வளவுதான் சட்டம்.

பிச்சம்மாள் என்ற குயத்திக்கு இது தலையில் இடி. புருஷனைக் கள்ளுக்குப் பறிகொடுத்தவள். தன் கை வனைந்த கலயத்தில் கள் ஊறக்கூடாது என்று அன்றைக்கே சத்தியம் செய்தவள். ஆனால் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு அரண்மனை கேட்கும் ஐந்நூறு பானை வேலை கிடைக்காவிட்டால், சூளையை விட்டுவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். அந்த மதினியின் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

இதற்கிடையில் பனையேறி தங்கப்பழம் வந்து நின்றான். "அக்கா, பிள்ளைக பட்டினி."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கலயம் கொடுத்தாள், கொடுக்குமுன் உள்ளே சுண்ணாம்பைத் தடவினாள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். கழுவினால் போச்சு என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தாள்.

அரண்மனை வேலையைக் குயவர்களுக்குப் பிரிக்கும் நாளில் மணியக்காரர், தம் பங்குக்கு ஓர் ஓலை எழுதி நீட்டினார்: "கள்ளுக்குக் கலயம் தர எனக்கு மனத்தடை இல்லை." மூக்காண்டி என்ற குயவர் உடனே கையெழுத்துக் கீறினார். பிச்சம்மாள் கை கட்டி நின்றாள்.

"மனசுல தடை இருக்கு சாமி. பொய்யாக் கீறமாட்டேன்."

கலயத்தோடு வந்திருந்த தங்கப்பழம் குறுக்கிட்டான். "மூக்காண்டி அண்ணாச்சி வீட்டுக்குப் பதினோரு நடை நடந்தேன். எப்பப் போனாலும் 'சூளை ஆறல, நாளைக்கு வா'ன்னுட்டாக. கலயம் தந்தது இந்த அக்காதான்."

"சுண்ணாம்பு தடவிக் கொடுத்தா அது கொடுத்ததாகுமா?" என்று சீறினார் மூக்காண்டி.

"கழுவ எனக்குக் கையில்லையா? கழுவுறதும் விடுறதும் என் பாடு" என்றான் தங்கப்பழம்.

மணியக்காரருக்குத் தலை சுற்றியது. கீறியவர் கொடுக்கவில்லை, கொடுத்தவள் கீறவில்லை. அந்த ஐந்நூறு பானை யாருக்கு? சொல்லுங்கள், இருவரில் யார் செய்தது சரி?

விடை: பிச்சம்மாள் செய்ததுதான் சரி, பானை வேலையும் அவளுக்குத்தான். ராஜாவின் சட்டம் கேட்டது கலயம் தந்தாயா என்பதை. மனத்தடை என்ற பேச்சு மணியக்காரர் தாமாகச் சேர்த்தது. எந்த ஊரில் ஐயா ஒரு சூளை பதினோரு நடைக்கும் ஆறாமல் கிடக்கும்? அது மறுப்பேதான். சுண்ணாம்பு மறுப்பல்ல, கழுவினால் போகிற ஒரு தாயின் ஆசை. தீர்ப்பானபின் அவள், "கழுவினியா தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். தங்கப்பழம் கலயத்தைச் சாய்த்துக் காட்டினான். அவள் தடவியது என்றைக்கோ போயிருக்கும். உள்ளே ஈரம் காயாத புதுச் சுண்ணாம்பு இருந்தது. பிச்சம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.