ஓட்டைப் பேப்பரும் கிணற்றுக் கரடியும்

“இரண்டாயிரத்து நூறு வார்த்தை மனப்பாடம் டீச்சர். ஆனா ஒரு பத்தியைக் குடுத்தா முழுசாப் புரிய மாட்டேங்குது.”

கோமதிநாயகம் நோட்டை மேசையில் போட்டார். கோந்தும் காகிதமுமாக ஊதிப்போன நோட்டு. அது பொத்தென்று விழுந்தது.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வில் இரண்டு தடவை ஆங்கிலத் தாளில் விழுந்தவர். வருகிற ஆவணியில் நாற்பது. அதற்கப்புறம் விண்ணப்பமே போட முடியாது. இந்தத் தடவையை விட்டால் அவ்வளவுதான்.

டீச்சர் ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு பெஞ்சு, தினம் ஓர் ஆங்கிலப் பேப்பர். அதுதான் பள்ளிக்கூடம்.

“எப்படிப் படிக்கீங்க அண்ணாச்சி?”

“நீங்க சொன்ன மாதிரிதான். பேப்பர்ல ஒரு பெரிய வார்த்தையைத் தேடுதேன். அது இருக்க வாக்கியத்தை வெட்டி நோட்டுல ஒட்டுதேன். கீழ அகராதி அர்த்தம். பத்து தடவை சொல்லிப் பாக்கேன்.”

“வெட்டச் சொல்லி நான் சொல்லலையே.”

“பாத்து எழுதினா நகல் டீச்சர். வெட்டி ஒட்டினாத்தான் அசல். கோர்ட்டுல அசலுக்குத்தான் மதிப்பு.”

டீச்சர் பெருமூச்சு விட்டார்.

தினமும் இப்படித்தான். காலையில் பேப்பர்க்காரர் படியில் பேப்பரை வீசும்போது கோமதிநாயகம் அங்கே கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பார். டீச்சர் வந்து சேரும்போது மிச்சம்தான் கிடைக்கும்.

டீச்சர் தினமும் ஒரே கேள்வி கேட்பார். “அண்ணாச்சி, இன்னிக்கு என்ன செய்தி?”

அவரும் ஒரே பதில் சொல்வார். “ஏழு வார்த்தை டீச்சர்.”

அன்று சனிக்கிழமை, கோர்ட் இல்லை. அதனால் சாயங்காலம் வரை சண்டை போட நேரம் இருந்தது.

“நான் வார்த்தை கேட்டு வாரேன். நீங்க செய்தி கேக்கீங்க. ஊர்ல எவன் ஜெயிச்சா, எவன் தோத்தா எனக்கென்ன? பரீட்சையில கேப்பானா? முருகன்குறிச்சியில ஒருத்தர் தினம் நூறு வார்த்தை குடுக்காராம்.”

“அங்க போங்களேன்.”

“போயிருவேன்.”

போகவில்லை. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

“விண்ணப்பமாவது போட்டீங்களா?” என்றார் டீச்சர்.

“முப்பதாம் தேதி வரைக்கும் இருக்குல்லா? எதையும் கடைசித் தேதியிலதான் தாக்கல் பண்ணணும். முன்னாலயே போட்டா எதிர்க்கட்சி உஷாராயிரும்.”

“பரீட்சைக்கு ஏது அண்ணாச்சி எதிர்க்கட்சி?”

“தொழில் பழக்கம் டீச்சர். இருவது வருசத்துல ஒரு வாய்தா தவறவிட்டதில்ல, தெரியுமா?”

டீச்சர் பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய பேப்பர்களை இழுத்தார். ஒன்றை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டை வழியாக ஒரு கண் தெரிந்தது.

“என்ன தெரியுது?”

“ஒங்க கண்ணு.”

“எனக்கு ஒங்க மீசை தெரியுது. மீசையைப் படிக்கவா நான் பேப்பர் வாங்குதேன்?”

கோமதிநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார்.

“போன வாரம் கடையத்துப் பக்கம் ஒரு கெணத்துல கரடி விழுந்துட்டு,” என்றார் டீச்சர். “மூணாம் பக்கத்துல போட்டிருந்தான். படிச்சிக்கிட்டே வாரேன். தீயணைப்பு வண்டி வந்தாச்சு. ஊரே கெணத்தைச் சுத்தி நிக்கு. இருட்டியாச்சு. அதுக்கு மேல ஓட்டை. கரடி ஏறிச்சா, ஏறலையா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் வெட்டினது நாலாம் பக்கத்துல.”

“நாலாம் பக்கத்துக்குப் பின்னால என்ன இருக்கும் அண்ணாச்சி?”

அவர் யோசித்தார்.

“மூணாம் பக்கம்.”

“எட்டு நாளா அது ஒங்க நோட்டுல கோந்துக்கு அடியில கெடக்கு. எனக்குத் தூக்கம் வரலை.”

“ஒரு கரடிக்காகவா டீச்சர்?”

“கரடிக்காகத்தான்.”

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். “என் வயசு போயிக்கிட்டிருக்கு. நீங்க கரடிக்காக அழுதுக்கிட்டிருக்கீங்க.”

டீச்சர் அடுத்த பேப்பரை எடுத்தார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. விரலை அதற்குள் விட்டு ஆட்டினார்.

“இது பதினேழாம் தேதிப் பேப்பர். இந்த எடத்துல என்ன இருந்துச்சு?”

அவருக்கு நோட்டு தேவைப்படவில்லை. கண்ணை மூடினார்.

“கர்டெய்ல். குறைத்தல், சுருக்குதல், உரிய காலத்துக்கு முன்பே முடித்தல்.”

பிறகு அந்த ஆங்கில வாக்கியம் முழுவதையும், தேவாரம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சொன்னார். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

டீச்சர் ஆட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார்.

“தமிழ்ல சொல்லுங்க.”

“சொன்னேனே. சுருக்குதல்.”

“வார்த்தையை இல்ல. வாக்கியத்தை. மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத்தானே போறீங்க?”

அவருக்குக் கோபம் வந்தது. அவசரமாக ஆரம்பித்தார்.

“வாரியம் சுருக்கிவிட்டது.”

“எதை?”

“காலத்தை. விண்ணப்பிக்கும் காலத்தை.”

“எதுக்கு விண்ணப்பிக்க?”

“மொழிபெயர்ப்பாளர் பணிக்கு.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். மறுபடி சொன்னபோது குரல் பாதியாகியிருந்தது.

“முப்பதாம் தேதி வரை என்று இருந்ததை… இருபத்திரண்டாம் தேதி மாலை ஐந்து மணியோடு…”

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். தினசரிக் காலண்டரில் அன்றைக்கு இருபத்திரண்டு.

மணி நாலு பத்து.

இருபது வருடத்தில் ஒரு வாய்தா தவறவிடாத குமாஸ்தா, செருப்புப் போடாமல் படியிறங்கினார்.

கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டரும் அதைத் தட்ட ஒரு பையனும் உண்டு. மாடிப்படியில் நின்ற டீச்சருக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

“சர்வர் சுத்திக்கிட்டே இருக்கு அண்ணாச்சி.”

“சுத்தட்டும்ல. கையை எடுத்துராத.”

“போட்டோ அளவு பெருசுன்னு திருப்பி அடிக்கு.”

“என் தலையைச் சின்னதாக்கு. எப்படியாவது ஆக்கு.”

“திங்கக்கிழமை வந்தா நிதானமாப் போடலாம்லா?”

“ஏலே, பேசாதடா!”

டீச்சர் நகத்தைக் கடித்தார். பிறகு பிரிண்டர் இழுக்கிற சத்தம் கேட்டது.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கோமதிநாயகம் ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரே ஒரு தாள், விண்ணப்பம் சேர்ந்ததற்கான ரசீது. அதை மேசையில் வைத்து, பறந்துவிடாமல் அதன் மேல் கத்தரிக்கோலை வைத்தார்.

அவர் நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகத் திருப்பி ஓரிடத்தில் நின்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்தார். ஒட்டியிருந்த துண்டின் ஓரத்தில் தடவினார். காத்திருந்தார். மறுபடி தடவினார்.

கீழே அவர் எழுதியிருந்த அர்த்தம் கரைந்து நீலமாக ஓடியது. அதைத் துடைக்கவில்லை.

துண்டு கிழியாமல் உரிந்து வந்தது. அதைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். உதடு அசைய, மெதுவாகப் படித்தார். நடுவில் நீளமான ஒரு வார்த்தை தடுத்தது. அகராதிப் பக்கம் கை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டு மேலே படித்தார்.

கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார்.

“டீச்சர்.”

“ம்.”

“கெணத்துக்குள்ள ஏணியை விட்டுட்டு எல்லாரையும் வெலக்கி நிறுத்தியிருக்காங்க. விடியதுக்கு முன்னால அதுவா ஏறிப் போயிருக்கு.”