கால் முளைத்த ஆ

"எனக்கு எப்போது பாடம் தொடங்குவீர்கள் அம்மா?"

பூவராகன் இதைக் கேட்டபோது வடிவம்மை ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கள் ஓட்டை மாறி மாட்டியிருந்தன. எல்லாவற்றையும் அவிழ்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி போட்டார்.

பூவராகன் காத்திருந்தார். இங்கே வந்ததிலிருந்து அதுதான் அவருக்கு வேலை.

அணைக்கட்டுகளுக்கு வரைபடம் போட்ட மனிதர். மனைவி இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு மடம் மடமாக அலைந்தார். போன இடமெல்லாம் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். படித்தவர், கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்று பெயர். ஆனாலும் மனம் அடங்கவில்லை. குற்றாலத்தில் ஒரு சந்நியாசிதான் வடிவம்மையின் பெயரைச் சொன்னார். மலையடிவாரத்தில் இருக்கிறார், அவரிடம் போனால் உன் தேடல் முடியும் என்றார்.

வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர். வந்தவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்க ஓர் அறை கொடுத்தார், சோறு போட்டார். காலையில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார்.

பூவராகனும் பின்னாலேயே போனார். கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு வியாதி தொடங்கியது.

எறும்புகள் எதிரெதிரே வரும்போது ஏன் நின்றுவிட்டுப் போகின்றன என்று ஒரு பிள்ளை கேட்டது. வடிவம்மை தரையில் குப்புறப் படுத்து எறும்பைப் பார்த்தார். பிள்ளைகளும் படுத்தார்கள். காலை முழுவதும் அதிலேயே போயிற்று. பூவராகன் ஆத்மாவைப் பற்றிக் கேட்டதற்கு, சாப்பிட்டாச்சா என்று கேட்டவர் இவர்.

பூவராகனுக்கு வயிறு எரிந்தது.

யார் மேல்? மூக்கு ஒழுகுகிற, பென்சிலைக் கடிக்கிற ஐந்து வயதுப் பிள்ளைகள் மேல். நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அவர்கள் சிரித்தால் எரிந்தது. அவர்களில் யாராவது அம்மையாரின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனால் அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொத்தான் போட்டு முடிந்தது. பையன் ஓடினான். பூவராகன் இந்த முறை விடவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஒரு துளி எனக்குக் கொடுத்தால் ஆகாதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் நான் என்றார்.

வடிவம்மை அவரை நன்றாகப் பார்த்தார்.

"பாடம் வேணுமா? வாங்க. உக்காருங்க."

பாயில் இசக்கி என்ற சிறுமிக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். கையில் ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்தார்.

அன்றைய எழுத்து ஆ.

பூவராகன் எழுதினார். வரைபடங்களில் ஆற்றுக்கும் மலைக்கும் பெயர் எழுதிப் பழகிய கை. சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் அச்சில் வார்த்ததுபோல வந்தன. எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வடிவம்மை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவனிடம் சுழி பெரிதாகிவிட்டது என்றார். இன்னொருத்தியின் கையைப் பிடித்து எழுதவைத்தார். பூவராகனின் சிலேட்டைப் பார்த்தார். தாண்டிப் போனார்.

இசக்கியிடம் நின்றார்.

இசக்கியின் ஆ பலகை முழுக்கக் கோணலாகச் சாய்ந்து கிடந்தது. அதை அப்படியே விட மனமில்லாமல் சுழிக்கு இரண்டு கொம்பு வைத்திருந்தாள். கீழே நான்கு கால் போட்டிருந்தாள். கடைசி வளைவை வாலாக்கி, எழுத்தையே ஆடாக்கியிருந்தாள்.

வடிவம்மை வாய்விட்டுச் சிரித்தார். சிலேட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். பிள்ளைகள் எழுந்து முண்டியடித்தார்கள். ஒருவன் பால் கறக்கவேண்டும் என்றான்.

"எழுத்து தப்பாக இருக்கிறது அம்மா," என்றார் பூவராகன்.

"ஆமா," என்றார் வடிவம்மை. பிறகு, ஆடு என்ன தின்னும் என்று இசக்கியிடம் கேட்டார். டீச்சர் சேலையைத் தின்னும் என்றாள் அவள். வடிவம்மை மறுபடி சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். குழாயடியில் ஒரே சத்தம். பூவராகன் எழுந்து போகவில்லை.

பக்கத்தில் அந்தச் சிலேட்டு கிடந்தது.

எழுத்தைத் திருத்திக்கொடுக்கலாம் என்று எடுத்தார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். கை அவ்வளவோடு நிற்கவில்லை. கொம்பு போயிற்று. கால்கள் போயின. வாலையும் எழுத்தையும் விடாமல் மணிக்கட்டால் அழுத்தித் தேய்த்தார்.

எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். இசக்கி சிலேட்டை எடுத்தாள். பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

அழப்போகிறாள் என்று பூவராகன் நினைத்தார். யார் காலாவது பட்டிருக்கும் என்று சொல்ல வாயைத் தயார்செய்து வைத்திருந்தார்.

இசக்கி அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். வெள்ளையாகக் குச்சிப் பொடி ஒட்டியிருந்தது.

அவள் முகம் மலர்ந்தது.

அவருடைய சிலேட்டை இழுத்தாள். எச்சில் தொட்டு, பாவாடை ஓரத்தால் மூலைவரைக்கும் சுத்தமாகத் துடைத்தாள். அந்த அச்செழுத்து ஆ இருந்த இடம் தெரியவில்லை. திரும்ப அவர் மடியில் வைத்தாள்.

"டீச்சர், அடுத்த எழுத்து எழுத தாத்தா எனக்கு அழிச்சு வச்சிருந்தாவ. நானும் தாத்தாவுக்கு அழிச்சிட்டேன்."

வடிவம்மை வந்தார். இரண்டு வெறும் சிலேட்டுகளையும் பார்த்தார். பூவராகனைப் பார்த்தார்.

"அப்படியா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்தக் குழந்தையே வழிசெய்து கொடுத்திருந்தது. வடிவம்மையும் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்.

பூவராகன் இசக்கியின் பக்கம் திரும்பினார்.

"இல்லை பாப்பா. உனக்கு உதவி செய்ய அழிக்கவில்லை. பொறாமையில் அழித்தேன்."

பின்னால் இரண்டு பையன்கள் ஒரு குச்சிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இசக்கி யோசித்தாள்.

"பொறாமைன்னா என்ன டீச்சர்?"

வடிவம்மை தன் கையிலிருந்த சாக்பீஸைப் பூவராகனிடம் நீட்டினார்.

"இந்தப் பாடத்தை நீங்க எடுங்க."

அவர் எழுந்ததும் அந்த இடத்தில், இசக்கியின் பக்கத்தில், வடிவம்மை சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற பிள்ளைகளைப்போலவே முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.

பூவராகன் கரும்பலகை முன்னால் நின்றார். படித்த நூல்களெல்லாம் நினைவுக்கு வந்தன. அதில் ஒரு வரிகூட இந்தக் குழந்தையிடம் சொல்லும்படியாக இல்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தார். இசக்கிக்கு எதிரே வந்து, முட்டி வலிக்க, தரையில் உட்கார்ந்தார்.

"உன் ஆடு ரொம்ப அழகாக இருந்தது," என்று தொடங்கினார்.